ஒரே ஒரு ஜன்னல் பாக்கி

அவரை எல்லாரும் வைரம் என்றுதான் கூப்பிட்டார்கள். கண்ணாடி அறுக்கும் வைரமுனைக் கட்டர் எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். அதைத் தவிர தங்கள் வீட்டில் வேறு வைரம் கிடையாது என்று அவர் மனைவியே சொல்லிச் சிரிப்பாள். ஜன்னல்களுக்குக் கண்ணாடி போடுவது அவர் தொழில். போர் நடந்தபோது ஒரு குண்டு விழுந்தால் நாலு தெருவுக்குக் கண்ணாடி நொறுங்கும். மூச்சுவிட நேரமில்லாத வேலை. தொழில் நன்றாக ஓடுகிறதா என்று யாராவது கேட்டுவிட்டால் அவர் முகம் சுருங்கிப்போகும்.

போர் முடிந்து, தெருவில் எல்லா வீட்டுக்கும் கண்ணாடி போட்டாயிற்று. அவருடைய அக்கா வீட்டில் மட்டும் ஒரு ஜன்னல் பாக்கி நின்றது. அது அக்கா மகனின் அறை. ராணுவ ஆம்புலன்ஸ் ஓட்டப் போனவன் திரும்பவில்லை. போரின் கடைசி வாரத்தில் ஜன்னல் உடைந்ததும் அக்கா பிளைவுட் பலகையை வைத்து ஆணி அடித்து, கதவையும் சாத்திவிட்டாள். வைரம் அளவெடுக்கப் போகும்போதெல்லாம், "இருக்கட்டும்டா" என்பாள்.

அத்தான் அவளுக்கு நேர்மாறு. நம் ராணுவம் பிடித்த இடங்கள், ஓய்ந்த பீரங்கிகள், எதிரி போட்ட கையெழுத்து என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வெற்றியை விளக்குவார். அவர் ஆரம்பித்தால் அக்கா எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.

ஒரு மதியம் பத்திரிகைக்காரப் பெண் ஒருத்தி வந்தாள். போர் வெற்றிதானா, கொடுத்த விலை தகுமா என்று பிள்ளையை இழந்த வீடுகளில் கேட்டு எழுதுகிறாளாம். வைரம் அங்கே அலமாரிக் கண்ணாடியை மாற்றிக்கொண்டிருந்தார். அத்தான் வழக்கம்போல் அடுக்கினார். அவள் அக்கா பக்கம் திரும்பியதும், அவளுக்கு இதெல்லாம் தெரியாது என்று முந்திக்கொண்டார்.

"தெரியும்," என்றாள் அக்கா. "இப்ப குண்டு விழறதில்லை, நிம்மதியா தூங்குறோம். அது நெஜம். என் பிள்ளை இல்லை. அதுவும் நெஜம். ஒண்ணுலேர்ந்து ஒண்ணைக் கழிச்சு மிச்சம் என்னன்னு கேக்கறீங்க. எனக்கு அந்தக் கணக்கு வரலைம்மா."

பத்திரிகைக்காரப் பெண் போனதும் அத்தான் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மெல்லச் சொன்னார்: "ஜெயிக்கலைன்னு ஒத்துக்கிட்டா, அவன் எதுக்குப் போனான்னு ஆயிடுமே."

"அடிபட்டவங்களைத் தூக்கிட்டு வரப் போனான்," என்றாள் அக்கா. "நாம ஜெயிச்சாலும் தோத்தாலும் அது நல்ல காரியந்தாங்க."

அத்தான் அழுது வைரம் அதுவரை பார்த்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தானே ஆணிகளைப் பிடுங்கினார். பிடுங்கிய பலகையைத் தன் கால்மேலேயே போட்டுக்கொண்டு நொண்டினார். வைரம் கண்ணாடியைப் பொருத்திச் சுற்றிலும் புட்டிப் பசை பூசும்வரை அத்தான் அதை உள்ளங்கையால் தாங்கிப் பிடித்திருந்தார். கண்ணாடி முழுக்கக் கைரேகை. அதற்கு அக்காவிடம் திட்டும் வாங்கிக்கொண்டார். போர் தொடங்கியதிலிருந்து மனசாரப் போட்ட கண்ணாடி அது ஒன்றுதான் என்று வைரம் வீட்டில் சொன்னார்.

வெளிச்சம் வந்ததும்தான் அறையில் படிந்திருந்த தூசி தெரிந்தது. அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பெருக்கினாள். மகனின் துணிகளை வெயிலில் உலர்த்தி மடித்து வைத்தாள். அடுத்த மாதம் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி அந்த அறைக்குக் குடிவந்தாள். அவளுக்கு இரவு வேலை. பகலில் தூங்க வேண்டும், தடித்த திரைச்சீலை இருந்தால் நல்லது என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். அக்காவும் அத்தானும் சேர்ந்தே துணிக்கடைக்குப் போனார்கள். பச்சையா நீலமா என்று கடைக்காரர் முன்னாலேயே இருவருக்கும் வாக்குவாதம். அத்தான் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லையாம். அக்கா அதைத் தம்பியிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.