அணைக்காமல் விட்ட சூடம்

அழுகிய முந்திரிப்பழத்தின் புளித்த வாடை எங்கிருந்து வந்தாலும் நான் இன்றைக்கும் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிடுவேன். ஏன் என்று வீட்டுக்காரரிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. அதிகம் படிக்காதவள், எழுதினால் சிரிப்பார்கள் என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். என்னைப் பெற்ற ஆத்தா போன தை மாசம் கண்ணை மூடிவிட்டாள். இனியும் தள்ளக்கூடாது என்று அய்யனாரை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

கந்தர்வக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். நான் நாலாவது முடித்த கோடை லீவில், ஆத்தாவும் அத்தையும் தெருப்பெண்கள் சிலரும் முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்கப் போக, நானும் சாக்கைப் பிடித்துக்கொண்டு கூடப் போயிருந்தேன். பொழுது சாயும் நேரம், மேலேயிருந்து ஒரு வெளிச்சம் சத்தமே இல்லாமல் இறங்கி, மரங்களுக்கு நடுவே கொஞ்சம் நின்று, வந்த வழியே ஏறிப் போனது என்று பெண்கள் சொன்னார்கள். குனிந்திருந்த நான் அதைப் பார்க்கவில்லை. மர நிழலெல்லாம் தரையில் ஒருசேரத் திரும்பியதைத்தான் பார்த்தேன். அது நின்ற இடத்தில் சருகு வட்டமாகக் கருகிக் கிடந்தது.

கருகின இடத்தை அப்படியே விட்டால் ஆகாது என்று எங்கள் பெண்கள் அப்போதே சருகைக் கூட்டித் தள்ளி, சாணம் தெளித்து, மஞ்சள்தண்ணீர் ஊற்றி, வேப்பங்கொத்து நட்டுக் கும்பிட்டுவிட்டார்கள். சில நாளில் "பட்டாளத்து ஜீப்பு" வந்தது. மண்ணை எடுத்துப் பார்க்க வந்தவர்களுக்குச் சாணமும் மஞ்சளும்தான் கிடைத்தன. தமிழ் பேசுகிற அதிகாரி ஒருவர் தலையில் கைவைத்து உட்கார்ந்து, இனிமேல் பார்த்தவர்கள் சொல்வதுதான் சாட்சி என்றார்.

அதற்குப் பிறகு ஊர் ஊராக இல்லை. தினம் ஜீப்பு வரும், நாய்கள் ஓயாமல் குரைக்கும், கேட்டதையே திரும்பக் கேட்பார்கள். தோப்புக்கு யாரும் போகாமல் பழம் மரத்தடியிலேயே அழுகி, தெரு முழுக்க நாறியது. ஆத்தா உலையை வைத்துவிட்டு அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருப்பாள்.

கடைசியில், வானிலை பார்க்க விடும் பலூனாகத்தான் இருக்கும், எல்லாரும் அதை ஒத்துக்கொண்டால் விசாரணை முடிந்தது என்று அதிகாரி சொல்ல, பிழைப்பு கெடுகிறதே என்று ஒவ்வொருத்தராக "ஆமாங்க, பலூனுதாங்க" என்று ஒத்துக்கொண்டார்கள். ஆத்தா மட்டும் மாட்டேன் என்றாள். சாமி என்றும் அவள் சொல்லவில்லை; வெளிச்சம், அவ்வளவுதான் என்றாள். அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏன்டி, பலூனுன்னு சொன்னா ஒன் வாயி வெந்தா போயிரும்?"

பொய்ச்சாட்சி சொன்னவள் முளைப்பாரி தூக்கக்கூடாது என்பது ஊர்க்கட்டுப்பாடு. வருஷாவருஷம் முதல் முளைப்பாரி ஆத்தாவுடையது, திருவிழாவும் நெருங்கிவிட்டது. எல்லாரும் பலூன் என்ற பிறகு அவள் ஒருத்தி மறுத்தால் ஊருக்குப் பொய்க்காரி, ஒத்துக்கொண்டால் அவள் மனசுக்கே பொய்க்காரி.

மறுநாள் காலை அய்யனார் கோயிலடியில் கூட்டம்; அதிகாரியும் வந்திருந்தார். ஆத்தா முந்தானையில் சூடம் முடிந்துகொண்டு போனாள். எங்கள் பக்கம் சத்தியம் என்றால் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். அய்யனார் முன்னே ஏற்றி, வெளிச்சத்தைப் பார்த்தேன் என்று சொல்லி அணைத்தாள். பிறகு இன்னொரு சூடத்தை ஏற்றி அதிகாரியைப் பார்த்தாள்.

"ஐயா, பலூனுதான்னு நீங்க இதை அணைங்க. நானும் அப்புடியே சொல்லிட்டுப் போறேன்."

அவர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு கையை நீட்டினார். சுடருக்கு மேலே அந்தக் கை நின்றது; ஊரே அதைப் பார்த்தது. பிறகு மெல்ல மடக்கிக்கொண்டார்.

"எனக்குத் தெரியலம்மா" என்றார்.

சூடம் தானாக எரிந்து அடங்கியது. ஜீப்பு அன்றைக்குப் போனதுதான். அந்த வருஷமும் முதல் முளைப்பாரியை ஆத்தாதான் தூக்கினாள், கையில் கொப்புளத்தோடு.

அந்தத் தோப்பு புயலில் சாய்ந்து, இப்போது அங்கே தைலமரம் நிற்கிறது. வேப்பங்கொத்து நட்ட இடம் எதுவென்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. பலூன் என்று சொன்ன அத்தையின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு, ரதம் இறங்கியது, மூன்று பேர் வந்து நின்றார்கள் என்று சொல்லித் திரிகிறார்கள். ரதமும் இல்லை, யாரும் இறங்கவும் இல்லை. இதை யாரிடமாவது சொல்வதானால் தயவுசெய்து இப்படியே சொல்லுங்கள். ஒரு வார்த்தை கூட்டிச் சொல்ல ஆசை வந்தால், எரிகிற சூடத்துக்கு மேலே ஒருதரம் கையை நீட்டிப் பாருங்கள்.