குழாய்க்குள் சிக்கிய ஒயர்

அண்ணன் போய் இரண்டு மாதம் ஆகிறது. ஏணியிலிருந்து விழவில்லை, மாரடைப்பு. கேட்பவர்களிடம் இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அவருடைய கை விஷயம் எல்லோருக்கும் தெரியும்.

அவர் எலக்ட்ரீஷியன். சுவருக்குள் பதித்த குழாய்களில் ஒயர் இழுத்தே முப்பது வருடம் ஓட்டியவர். போன வருடம் ஒரு நாள், ஏணி மேலிருந்து அவர் கைத் திருப்புளி நழுவி கான்ட்ராக்டரின் காலடியில் விழுந்தது. அடுத்த வாரம் இன்னொரு முறை. "இனி ஒரு தடவை விழுந்துச்சுன்னா ஏணியை மறந்துடுப்பா. கீழ உக்காந்து சுவிட்ச் பெட்டி துடைக்கலாம்" என்றார் கான்ட்ராக்டர்.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போயிருந்தன. பிசியோதெரபி செய்யும் பெண் அவர் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார்.

"இங்க ஒரு சின்னக் குகை மாதிரி இருக்கு சார். அதுக்குள்ளதான் நரம்பு போகுது. இடம் நெருக்கமாயிடுச்சு. நரம்பு நழுவிப் பழகணும்."

கையை மூடி, விரல்களை நீட்டி, மணிக்கட்டைப் பின்னால் வளைத்து, கட்டைவிரலை விரித்து, உள்ளங்கையை மேலே திருப்பி, கடைசியில் மறுகையால் கட்டைவிரலை லேசாக இழுக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று வேளை.

"குழாய்ல ஒயர் சிக்கின கதைதான். இதுக்கு ஒரு படிப்பு வேற" என்று அண்ணன் வீடு திரும்பும் வழியெல்லாம் சிரித்தார்.

ஒரு வேளையும் விடாமல் மூன்று வாரம் செய்தார். மரப்பு குறைய வேண்டியது, முழங்கை வரை குடைச்சலாக ஏறியது. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நிறுத்துவதா, கூட்டுவதா? அண்ணன் கூட்டினார். நானும் தலையாட்டினேன்.

மறுபடி போனபோது அந்தப் பெண் செய்து காட்டச் சொன்னார். அண்ணன் காலை ஊன்றி, பல்லைக் கடித்து, கட்டைவிரலை இழுத்தார்.

"சார், விடுங்க. எதுக்கு இந்த இழுப்பு?"

"சிக்கின ஒயர் இழுக்காம வருமாம்மா?"

"நரம்பு எங்கயும் வர வேண்டாம் சார். இருக்கிற இடத்துல லேசா அசைஞ்சா போதும். வலிச்சா விட்டுடணும்."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். வீட்டில் காலேஜ் வரை படித்தது நான் மட்டும்தான். "ஏன் காலேஜு, நீ பக்கத்துலதானே இருந்தே?"

இருந்தேன். அவர் பல்லைக் கடிப்பதைப் பார்த்து, ஒழுங்காகச் செய்கிறார் என்றுதான் நினைத்தேன்.

பிறகு மெதுவாகச் செய்தார். இரவில் மணிக்கட்டுப் பட்டை போட்டுக்கொண்டார். சில நாள் நன்றாக இருந்தது, சில நாள் இல்லை. ஆறாவது வாரம், மறுபடி ஏணி ஏற அனுமதி கேட்டு, பிசியோதெரபி சீட்டோடு வேலை நடக்கும் கட்டடத்துக்குப் போனோம். கான்ட்ராக்டர் சீட்டைப் படிக்கவில்லை. அண்ணனைக் கண்ணை மூடச் சொல்லி, விரல்களில் இரண்டு திருகாணிகளை வைத்தார்.

"எது நீளம்?"

அண்ணன் உருட்டிப் பார்த்துச் சரியாக எடுத்துக் கொடுத்தார்.

"சரி, ஏறு."

கான்ட்ராக்டர் நகர்ந்ததும் கேட்டேன். "விரல்ல தெரிஞ்சுதாண்ணா?"

"ரெண்டும் உரசுற சத்தம் கேட்டுச்சு. விரல்லயும் ஏதோ தெரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. எதை வெச்சு எடுத்தேன்னு எனக்கே புரியல."

"அப்ப அவர்கிட்ட போய்ச் சொல்லிடுண்ணா."

"என்னன்னு சொல்ல?"

அவர் ஏணியில் கால் வைத்தார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஏறட்டும் என்றா, இறங்கிவிடட்டும் என்றா, எதற்காகப் பிடித்தேன் என்று தெரியாமலே பிடித்திருந்தேன்.