இடது மட்கார்டின் கோடு

மாஸ்கோவில், பெரிய தலைகளுக்கென்று கார் செய்யும் கொட்டகையில் ரயீசா மத்வேயெவ்னா மரச்செதுக்கு வேலை பார்த்தாள். நடுவில் அமெரிக்க ஆடம்பரக் கார் ஒன்று நின்றது. அதை அளந்து, அச்சு அசலாக முதலில் மரத்தில் செதுக்குவார்கள், பிறகுதான் அந்த மரத்தின்மேல் வைத்துத் தகட்டை வளைப்பார்கள். ஊரறிந்த ரகசியம் இது. ஆனாலும் அந்தக் காரின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். 'மாதிரி' என்பதோடு சரி.

வெளிநாட்டைப் புகழ்ந்தவன் கதி என்னவென்று ரயீசாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அமெரிக்க டிராக்டர் நன்றாக உழுகிறது என்று அவள் புருஷன் ஸகார் ஒரு வார்த்தை சொன்னான். கூட்டிக்கொண்டு போனவர்கள் அவனைத் திருப்பி அனுப்பவே இல்லை. அன்றிலிருந்து அவள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு பை தொங்குகிறது. கம்பளிக் காலுறை, சோப்பு, காயவைத்த ரொட்டி. தன்னையும் கூட்டிக்கொண்டு போக வரும் நாளுக்கென்று அவளே கட்டிவைத்தது.

மரக்காரின் இடது பாதி அவள் பொறுப்பு, வலது பாதி கூட வேலை பார்த்த திமோஃபேய் பொறுப்பு. இரண்டையும் சேர்த்து நிறுத்திய அன்றுதான் விஷயம் தெரிந்தது. இடது மட்கார்டில் சக்கரத்துக்கு மேலே நீளமாக ஒரு பள்ளக் கோடு. வலதில் இல்லை. ரயிலிலிருந்து இறக்கும்போது மாதிரி எங்கோ இடித்து நசுங்கியிருக்கிறது. அந்த நசுங்கலை இவள் அழகு என்று நினைத்து, மயிரிழை பிசகாமல் செதுக்கித் தொலைத்திருக்கிறாள். சந்தேகம் வந்தால் கேட்டிருக்கலாமே என்கிறீர்களா? மாதிரியைப் பற்றி அங்கே யார் வாய் திறப்பார்கள்!

இழைத்துச் சரிசெய்ய நேரமில்லை. மேலிடத்து அதிகாரி உள்ளே வந்துவிட்டார். வந்தவர் நேராக அந்தக் கோட்டில் விரலை வைத்தார்.

"இது என்ன?"

கொட்டகைத் தலைவர் இலரியோன் பெத்ரோவிச்சின் முகம் வெளுத்துவிட்டது. ரயீசா மனசுக்குள் கணக்குப் போட்டாள். மாதிரியில் இருந்தது என்றால் காப்பியடித்ததை ஒப்புக்கொண்டதாகும். கைப்பிசகு என்றால் நாசவேலை. எப்படிப் பார்த்தாலும் பையைத் தூக்க வேண்டியதுதான்.

"நம்ம யோசனைதான் தோழரே," என்றாள். குரல் அவளுடையது போலவே இல்லை. "காத்து வழுக்கிட்டுப் போகட்டும்னு வச்சோம்."

அதிகாரி தள்ளி நின்று பார்த்தார்.

"அப்ப வலது பக்கம் ஏன் இல்ல? அங்கயும் போடுங்க."

போட்டாள். கார் வெளியே வந்தபோது, சொந்தக் கற்பனைக்காக அவள் பெயரைக் கூப்பிட்டுப் பதக்கம் குத்தினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள்.

பதக்கத்தோடு கொட்டகைக்குத் திரும்பினாள். மாதிரி அங்கேயேதான் நின்றது, இடது பக்கம் மட்டும் நசுங்கி. யாராவது ஒருவர் அதன் இரண்டு பக்கமும் சுற்றிவந்து குனிந்து பார்த்தால் போதும், கோடு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

வீட்டுக்குப் போனதும் பையிலிருந்த பழைய ரொட்டியைக் கொட்டிவிட்டு, புது ரொட்டியை நறுக்கிக் காயவைத்தாள்.