பஸ்ஸர் அடித்த பிறகு உருண்ட பந்து

அரியலூரில் நடந்த பள்ளி மாணவர் ரோபாட்டிக்ஸ் போட்டிக்கு முதன்முதலாகத் தலைமை நடுவராகப் போன அன்று, ஜெயித்த அணியை நான் தோற்கடித்தேன். சிமென்ட் ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்தவன் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ரூல் புக்கை முந்தின நாள் மேலோட்டமாகப் புரட்டியதோடு சரி.

இறுதி ஆட்டம். பெரம்பலூர் தனியார் பள்ளி ஐந்து புள்ளி முன்னால் இருந்தது. செந்துறைப் பக்கத்து அரசுப் பள்ளி மாணவிகள் மூவரின் ரோபோ, பத்துப் புள்ளிப் பந்தைக் கடைசியாகத் தள்ளிவிட்டு நின்றது. பந்து உருண்டுகொண்டிருக்கும்போதே ஆட்ட நேரம் முடிந்து பஸ்ஸர் அடித்தது. அதன் பிறகுதான் பந்து புள்ளிக் கட்டத்துக்குள் போய் நின்றது. நான் அதைச் சேர்க்கவில்லை.

அணித் தலைவி கலைவாணி, பிளஸ் ஒன் மாணவி, ஓடிவந்தாள்.

"சார், பந்து நின்னப்புறந்தான் எண்ணணும்னு ரூல் புக்குல போட்டிருக்குங்க. காட்டட்டுங்களா?"

"நேரம் முடிஞ்சா முடிஞ்சதும்மா. நடுவர எதிர்த்துப் பேசுனா மைனஸ் போட்டுருவேன்."

அவள் விரல் வைத்துப் பிடித்திருந்த பக்கத்தை நான் பார்க்கவில்லை. ஸ்கோர் ஷீட்டை நீட்டினேன். கையெழுத்துப் போட்டாள்.

பரிசளிப்பு முடிந்து அணிகள் எல்லாம் கிளம்பிய பிறகு, மனசு கேட்காமல் புத்தகத்தைத் திறந்தேன். அவள் சொன்னது அப்படியே அச்சாகியிருந்தது. போட்டி ஒருங்கிணைப்பாளரிடம் ஓடினேன்.

"அந்தப் பொண்ணே கையெழுத்துப் போட்டுருச்சுங்க சார். மாநிலப் போட்டிக்குப் பேரும் அனுப்பியாச்சு. ஜெயிச்ச புள்ளைங்ககிட்ட கோப்பையைத் திருப்பிக் கேக்கச் சொல்றீங்களா? விட்டுடுங்க."

நடந்ததை எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை.

மறுவாரம் பஸ் ஏறி அந்தப் பள்ளிக்குப் போனேன். ரோபோவைப் பிரித்து அட்டைப்பெட்டியில் போட்டிருந்தார்கள். மூன்று பேரையும் ஆசிரியை ஆய்வகத்துக்கு வரச் சொன்னார்.

"நீ சொன்னதுதான் சரிம்மா. தப்பு என்னோடது" என்றேன்.

கலைவாணி அட்டைப்பெட்டியை மூடி ஓரமாகத் தள்ளினாள்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா அப்பா நம்பியிருப்பாருங்க சார். தோத்துட்டு வந்து நடுவரைக் குறை சொல்றேன்னு நெனச்சுட்டாரு. அடுத்த வருசம் பன்னெண்டாவது. இனிமே இதுக்கெல்லாம் விடமாட்டாங்க."

"நான் வூட்டுக்கு வந்து அப்பாகிட்ட பேசட்டுமா?"

"வேணாங்க சார்."

மணி அடித்தது. வகுப்புக்குப் போய்விட்டார்கள். ஆசிரியை டீ வாங்கிக் கொடுத்தார்.

இப்போதும் நடுவராகப் போகிறேன். புதிதாக வரும் நடுவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன்: ஒரு பிள்ளை ரூல் புக்கை நீட்டினால் வாங்கிப் படியுங்கள். அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தை நான் அவளுக்குக் கொடுக்கவில்லை.