நான்கு வயது கமாண்டோவும் கேபிளின் வாலும்

என் மகள் மேடையில் அந்தக் கைப்பிடியை இழுத்தாளா, இல்லை அது தானாகவே கழன்று விழுந்ததா? நடந்து நான்கு மாதம் ஆகிறது. இன்னும் எனக்குத் தெரியவில்லை.

இதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். என் கணவரும் அப்படித்தான் நினைக்கிறார். எனக்கு ஏன் தெரிந்தே ஆக வேண்டும் என்பதைச் சொல்ல, என் வேலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

வல்லம் வடகாலில் ஒரு தையல் கம்பெனியில் வேலை செய்கிறேன். அங்கே சட்டையும் பேன்ட்டும் தைப்பதில்லை. போலீஸ், ராணுவத்தின் அதிரடிப் படைக்காரர்கள் நெஞ்சில் மாட்டிக்கொள்கிற வெஸ்ட் தைக்கிறோம். குண்டு துளைக்காத தகடு எங்களிடம் வராது. தகடு வைக்கிற பை, தோள் பட்டை, இடுப்புப் பட்டை, டார்ச்சும் வயர்லெஸ்ஸும் கைவிலங்கும் மாட்டுவதற்கு வரிசை வரிசையாக நாடா, இவ்வளவுதான் எங்கள் பங்கு. நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. அந்தப் படிப்புக்கும் இந்த வேலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றாலும், படித்தவள் என்பதால் கடைசி டேபிளில் செக்கிங்குக்குப் போட்டார்கள்.

வெஸ்டில் ஒரு விசேஷம் உண்டு. போட்டிருப்பவருக்கு அடிபட்டாலோ, அவர் தண்ணீரில் விழுந்தாலோ, அத்தனை எடையையும் ஒரே இழுப்பில் கழற்றியாக வேண்டும். அதற்காக எல்லாப் பட்டைகளையும் ஒரு மெல்லிய கேபிள் கோத்துப் பிடித்திருக்கும். நெஞ்சுக்குக் கீழே ஒரு கைப்பிடி. அதை இழுத்தால் கேபிள் உருவிக்கொண்டு வரும், வெஸ்ட் துண்டு துண்டாகக் கீழே விழும். என் வேலை அதை ஒரு பொம்மைக்கு மாட்டி, இழுத்து விழவைத்து, மறுபடி கோத்து அனுப்புவது. கோத்த பிறகு கேபிளின் நுனியை ஒரு சின்ன உறைக்குள் செருக வேண்டும். நாங்கள் அதை வால் என்போம். வாலைச் செருகாவிட்டாலும் வெளியிலிருந்து பார்க்க வித்தியாசம் தெரியாது. ஆனால் நாலு தடவை குனிந்து நிமிர்ந்தால் கேபிள் மெல்ல நழுவிவிடும். எங்கே, எப்போது நழுவும் என்று நினைத்துப் பார்க்க எனக்குப் பிடிப்பதில்லை. நினைக்காமலும் இருக்க முடிவதில்லை.

மகள் படப்பையில் எல்.கே.ஜி. படிக்கிறாள். மாறுவேடப் போட்டி என்று வகுப்பு வாட்ஸப்பில் செய்தி வந்தது. என்ன வேஷம் என்று கேட்டபோது யோசிக்கவே இல்லை. "கமாண்டோ." அவள் தன் மிஸ்ஸிடம் "எங்கம்மா கம்பெனில கமாண்டோ செய்றாங்க" என்று முன்பே சொல்லிவைத்திருக்கிறாள். மிஸ் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்ததன் காரணம் அன்றுதான் புரிந்தது.

கம்பெனியிலிருந்து ஒரு நூல்கூட வெளியே வரக்கூடாது. வெட்டுத் துண்டுகளைக்கூட எடைபோட்டு அங்கேயே அழித்துவிடுவார்கள். அதனால் கணவரின் கம்பெனி எப்போதோ கொடுத்த கறுப்பு லேப்டாப் பையைப் பிரித்தேன். கேபிளுக்கு, துணி காயப்போடுகிற பிளாஸ்டிக் சுற்றிய கம்பி. தகட்டுக்கு, போன வருஷ தினசரி காலண்டரின் அட்டை.

கேபிள் எதற்கு என்று கேட்காதீர்கள். கணவர் கேட்டார்.

"கொழந்தைக்கு வெல்க்ரோ வெச்சு ஒட்டிவுட்டா போதாதா?"

"மேடைல மூச்சு முட்டுச்சுன்னா? மிஸ்ஸுக்குக் கழட்டத் தெரியலன்னா?"

"மேடம், அவ போறது ஸ்கூல் மேடைக்கு. ரெண்டு நிமிஷம். காட்டுக்குள்ள தேடுதல் வேட்டைக்கு இல்ல."

"ரெண்டு நிமிஷத்துல எவ்வளவோ நடக்கும்ங்க."

"ஆமா, ஏடிஎம் வேஷம்னு குரூப்புல போட்டிருக்கானே, அந்தப் பையன் இவளச் சுட்டுருவான்."

நான் காதில் வாங்கவில்லை. வீட்டில் மூன்று முறை ஒத்திகை பார்த்தோம். "பயமா இருந்தா இத இழு, டப்புனு வந்துரும்" என்று சொல்லிக்கொடுத்தேன். மூன்று முறையும் இழுத்தாள், மூன்று முறையும் விழுந்தது. கம்பெனி செக்லிஸ்ட்டை மனசில் ஓட்டி, தையல், பட்டை, கேபிள், வால் எல்லாம் பார்த்து நானே பாஸ் போட்டேன். கணவர் அவள் முதுகில் இங்க் பேனாவால் ஒரு டிக் அடித்துவிட்டார். அது குளித்தும் போகவில்லை.

போட்டியன்று நானும் கணவரும் அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டுப் போனோம். பள்ளி வராந்தாவில் மூன்று தக்காளி, இரண்டு டாக்டர், ஒரு மயில், அந்த ஏடிஎம். எங்களுக்கு முன்னால் இன்னும் இரண்டே பேர் என்று இருக்கும்போது கமாண்டோ என் காதில், "அம்மா, ஒன் பாத்ரூம்" என்றாள்.

இழுத்தேன், வெஸ்ட் விழுந்தது, தூக்கிக்கொண்டு ஓடினேன். திரும்பி வந்தபோது மைக்கில் "அடுத்து கமாண்டோ!" என்று அழைத்துவிட்டார்கள். மண்டியிட்டு மறுபடி கோத்தேன். ஒரு தக்காளியின் அம்மா, "சீக்கிரம் சிஸ்டர்" என்றார். கோத்தேன். வாலைச் செருகினேன். செருகினேனா?

செருகியது விரல் நுனியில் ஞாபகம் இருக்கிறது. ஆனால் நான் நாள் முழுக்கச் செய்வது அதைத்தான். என் விரலில் இருக்கிற ஞாபகம் அன்றைக்குச் செருகியதா, அதற்கு முந்தின நாள் கம்பெனியில் செருகியதா என்று எப்படிச் சொல்வது?

அவள் நடந்து போனாள். இடது கையால் சல்யூட் அடித்தாள். "நான் கமாண்டோ" என்றாள். அடுத்த வரி "நாட்டைக் காப்பேன்." அது வரவில்லை. அந்த நேரம் பார்த்து என் முன்னால் இருந்த அப்பா ஒருவர் செல்போனைத் தூக்கிப் பிடித்தார். அவர் கையை விலக்கிவிட்டு நான் பார்ப்பதற்குள் தோள் பட்டை ஒரு பக்கம், இடுப்புப் பட்டை ஒரு பக்கம், காலண்டர் அட்டை சரிந்து அதிலிருந்த ஸ்வீட் கடை லட்டுப் படம் கூட்டத்தைப் பார்த்து நிற்க, நடுவில் ரோஜா நிற ஷிம்மியில் என் கமாண்டோ.

கீழே ஒரு முறை பார்த்தாள். நிமிர்ந்தாள். "நாட்டைக் காப்பேன்!" என்று மைக் அதிரச் சொன்னாள். கைதட்டல் நிற்க நேரமாயிற்று. ஆறுதல் பரிசாக ஒரு டிபன் பாக்ஸ் கிடைத்தது. முதல் பரிசு ஏடிஎம்முக்கு.

கணவர் வீடியோ எடுத்திருப்பாரே என்பீர்கள். எடுத்தார். பாசத்தில் முகத்தை மட்டும் பெரிதாக்கி எடுத்திருக்கிறார். மூக்கு நன்றாகத் தெரிகிறது. கை தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "பாப்பா, நீ இழுத்தியா?"

"ஆமா."

மனசு லேசானது. ஆனாலும் உறுதிப்படுத்த வேண்டாமா? "நெஜமாவே இழுத்தியா, இல்ல தானா வுந்துச்சா?"

என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "தானா வுந்துச்சு."

"இழுக்கவே இல்லையா?"

"இழுத்தேன்."

"இன்னா நீ," என்றார் கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "பிடிபட்ட கமாண்டோவ விசாரிக்கிற மாதிரி விசாரிக்கிற. அதுவே ஒரு ஆறுதல் பரிசு வாங்கினு வந்துகீது, வுடு."

விட முடியவில்லை. மறுநாள் டேபிளில் உட்கார்ந்ததும் கை ஓடவில்லை. ஒரு வெஸ்டை முடித்து ஓரம் வைப்பேன். வாலைச் செருகினேனா என்று தோன்றும். திரும்ப எடுத்து மடிப்பைத் தூக்கிப் பார்ப்பேன், செருகியிருக்கும். அடுத்ததை எடுப்பதற்குள் முந்தினதைப் பார்த்தது நிஜம்தானா என்று தோன்றும். மத்தியானத்துக்குள் என் இடது பக்கம் வெஸ்ட் மலையாகக் குவிந்துவிட்டது.

பக்கத்து டேபிளில் ஒரு திருநெல்வேலிப் பெண். இங்கே ஹாஸ்டலில் தங்கி வேலை செய்கிறவள். நடந்ததை அவளிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"யக்கா, பிள்ளைக்கு வேத்திருக்கும், படக்குனு இழுத்திருக்கும். நீங்கதான சொல்லிக் குடுத்திய?"

"நான் வாலைச் செருகலன்னா?"

"செருகலன்னா செருகல. அது லேப்டாப் பைக்கா."

"இங்க செருகுறதும் அதே கைதானே?"

அவள் சிரிப்பை நிறுத்தினாள். பிறகு, "ஒண்ணு செய்யுங்க. செருகும்போது வாய்விட்டுச் சொல்லுங்க, காது ஞாபகம் வெச்சுக்கிடும்" என்றாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வாலுக்கும் "செருகியாச்சு" என்று சொல்கிறேன். முதலில் முணுமுணுத்தேன். இரண்டே நாளில் லைன் முழுக்கப் பிடித்துக்கொண்டது. தண்ணீர் பாட்டில் மூடினால் "செருகியாச்சு." பன்ச் மெஷினில் கார்டைக் காட்டினால் "செருகியாச்சு." ஷிப்ட் பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் பையைத் தள்ளினாலும் அதேதான். கேலி செய்கிறார்கள் என்று தெரியும். இருந்தாலும், என்னைக் கேலி செய்கிற திருநெல்வேலிக்காரியே இப்போது தன் வேலையில் நிஜமாகவே அப்படிச் சொல்கிறாள்.

அதனால் என் சந்தேகம் குறைந்ததே தவிர, போகவில்லை. ஒருநாள் சூப்பர்வைசரிடம் போய், என்னைப் பேக்கிங்குக்கு மாற்றிவிடுங்கள் சார் என்று கேட்டேன். அவர் வாலாஜாபாத்காரர், அவசரப்படாத மனிதர்.

"இன்னாமா ஆச்சு? உன் டேபிள்ல இருந்து ஒரு கம்ப்ளெயின்ட் வந்ததில்லயே."

சொன்னேன். தலையைச் சொறிந்தார்.

"இத்த ரிப்போர்ட்ல நான் இன்னான்னு எழுதுறது? எல்கேஜி பாப்பா ஷிம்மியோட நின்னுச்சின்னா?" என்று சிரித்துவிட்டு, "கொழந்தைய ஒழுங்கா ஒரு தபா கேளு. அது இழுத்துச்சின்னு தெரிஞ்சா இங்கயே இரு. இல்ல, நீதான் வுட்டுட்டன்னு தெரிஞ்சா, நீ சொல்ற மாதிரி பேக்கிங் போ. நீயா வந்து சொல்ற வரைக்கும் இந்த டேபிள் உன்துதான்" என்றார்.

அவருக்கு அது சுலபமான வேலையாகத் தெரிகிறது. நான் அந்த லேப்டாப் பை வெஸ்டை மறுபடி மாட்டிப் பார்த்தேன். வால் செருகியும் செருகாமலும் குதிக்கவைத்தேன். செருகாதபோது சில முறை விழுந்தது, சில முறை விழவில்லை. அதற்குள் அவளுக்கே விளையாட்டுப் பிடித்துப்போய் வரிசையாக இழுத்துத் தள்ளினாள். ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன் என்று சொல்லிக் கேட்டேன், "உனக்கு எது வேணும்மா?" என்றாள். அவள் பொய் சொல்கிற பிள்ளை இல்லை. என் முகத்தைப் பார்த்து, நான் எந்தப் பதிலுக்குச் சிரிப்பேனோ அதைத் தருகிறாள். நான் எந்தப் பதிலுக்கும் முழுசாகச் சிரிக்காததால் மாற்றி மாற்றித் தருகிறாள். இப்போது அவளுக்கே அந்த நிமிஷம் ஞாபகம் இருக்கிறதா, என் கேள்விகள்தான் ஞாபகம் இருக்கின்றனவா என்றும் தெரியவில்லை.

டேபிளில் இன்னும் நான்தான் இருக்கிறேன். இன்று காலையும் ஒவ்வொரு வெஸ்டுக்கும் வாய்விட்டுச் சொல்லித்தான் அனுப்பினேன்.

இதைப் படிக்கிறவர்களில் பிள்ளை வளர்த்தவர்கள், எல்.கே.ஜி. மிஸ்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நான்கு வயதுக் குழந்தையிடம், பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கொடுத்துவிடாமல், நம் முகத்திலும் காட்டிக்கொடுத்துவிடாமல், நடந்ததை எப்படிக் கேட்பது? மறந்துவிடு, கேட்காதே என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை என் கணவர் தினமும் சொல்கிறார்.