படுக்கையறைக்கு எந்த வெள்ளை

ஓசூரில் பைக் பாகங்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் கம்பெனியில் நிறம் பார்ப்பது என் வேலை. டேங்கில் ஷேடு நூலளவு மாறினாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவேன். அந்தத் திமிரோடுதான் எங்கள் படுக்கையறைக்குப் பெயிண்ட் தேர்ந்தெடுக்க இறங்கினேன்.

பகலில் அந்த அறை என் மனைவியுடையது. எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அவளுக்கு நைட் ஷிப்ட். காலை ஏழரைக்கு வந்து படுப்பாள். பழைய பெயிண்ட் உரிந்து முகத்தில் விழுகிறது என்று அவள் சொன்ன பிறகே பெயிண்டரைக் கூப்பிட்டேன். அவர் கட்டிலை ஹாலுக்குத் தள்ளி, சுவரைச் சுரண்டி, பட்டி பார்த்து முடித்துவிட்டு என்ன கலர் என்று கேட்டார். கடை அட்டையில் இரண்டு வெள்ளைகளைக் காட்டினேன். ஒன்றில் மஞ்சள் சாயல், மற்றதில் சாம்பல் சாயல்.

கம்பெனி வழக்கப்படி சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கட்டம் அடிக்கச் சொன்னேன். டூட்டிக்குப் போகுமுன் ஒருமுறை, திரும்பி வந்து டியூப்லைட்டில் ஒருமுறை. சாய்வாகப் பார்க்க ஸ்டூலில் ஏறி ஒருமுறை விழவும் செய்தேன். ஞாயிறு மதியம் கம்பெனி நண்பரை வரவழைத்தேன். சாம்பலில் லேசாக நீலம் அடிக்கிறது என்றார் அவர். அரைமணி நேரம் விவாதித்தோம். ஒரு வாரம் பொறுத்த பெயிண்டர், பர்கூரில் ஒரு வீடு முடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். அவர் முடித்துத் திரும்பியபோதும் நான் முடிவுக்கு வந்திருக்கவில்லை.

இத்தனை நாளும் அவள் ஹாலில்தான் படுத்தாள். கண்மேல் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு, குக்கர் விசிலுக்கும் தண்ணி லாரிக்கும் நடுவே தூங்க முயன்றாள். எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் அவசரப்பட்டால் அவள் வருஷக்கணக்கில் தப்பான வெள்ளைக்குள் தூங்க வேண்டியிருக்குமே என்று, அவளுக்காகவே கவலைப்பட்டேன்.

ஒருநாள் காலை ஷிப்ட் முடிந்து வந்தவளை, பையைக்கூட இறக்க விடாமல் சுவர் முன்னால் நிறுத்தி, எது நல்லாயிருக்கு என்று கேட்டேன். அவள் சுவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். கண்கள் இரண்டும் சிவந்திருந்தன. நிறம் பார்த்துச் சம்பளம் வாங்கும் எனக்கு அது அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

"எதையாச்சும் அடிங்க. நான் கண்ண மூடிட்டுத்தான தூங்கப்போறேன்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கைக்குக் கிடைத்த டப்பாவைத் திறக்கும்படி பெயிண்டரிடம் சொல்லிவிட்டு, பஜாருக்குப் போய் கெட்டியான கறுப்புத் திரைச்சீலை வாங்கி வந்தேன். இப்போது பகலில் அந்த அறையில் எட்டிப் பார்த்தால் சுவர் எந்த வெள்ளை என்று எனக்கே தெரிவதில்லை. இருட்டில் அவளுடைய குறட்டை மட்டும் கேட்கிறது.