நாற்காலியைச் சுற்றிய நாய்

அந்தத் தெருவில் எந்த வீட்டு ஃபிரிட்ஜ் மக்கர் பண்ணினாலும் அங்கேயே குடியிருந்த மெக்கானிக்கைத்தான் கூப்பிடுவார்கள். மனிதர் வந்ததும் கருவியை எடுக்க மாட்டார். ஃபிரிட்ஜின் முதுகில் காதை வைத்து, கண்ணை மூடி நிற்பார். அவசரப்படுத்தினால் கோபம் மூக்குக்கு மேல் வரும். பிறகு எல்லா வீட்டிலும் ஒரே பாட்டு: "மெஷின் சும்மா ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பப் போடாதும்மா. உள்ள எதுவோ கெட்டிருக்கு. சத்தம் வந்தப்பவே கூப்பிட்டிருந்தா சின்ன வேலை."

ஊருக்கெல்லாம் காது கொடுத்தவர் சொந்த வீட்டில் கோட்டை விட்டார்.

மனைவி இறந்தபின் அவருக்குத் துணை குண்டன் ஒன்றுதான். அவள் வளர்த்த நாய். பெயரும் அவள் வைத்தது. சமையலறையில் அவள் உட்கார்ந்து காய் நறுக்கும் மர நாற்காலிக்கு அடியில்தான் அதன் குடித்தனம். அவள் போனதும் உறவுக்காரர்கள் வந்தார்கள், அழுதார்கள், போனார்கள். அவரவருக்கு அவரவர் பாடு. வேறு ஊரில் இருந்த மகள்கூட, போனில் அம்மா பேச்சை அவர் எடுத்தால் போதும், "சாப்டீங்களாப்பா?" என்று பேச்சை மாற்றிவிடுவாள். கல்நெஞ்சுக்காரி என்று மனதுக்குள் திட்டிக்கொள்வார்.

ஒரு காலையில் திடீரென்று குண்டன் அந்த நாற்காலியைச் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. கூப்பிட்டால் திரும்பவில்லை. மெக்கானிக்குக் கண் கலங்கிவிட்டது.

"அவளைத் தேடுறியாடா? நானும்தான்டா தேடுறேன்" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து நாற்காலிமேல் அவளுடைய சால்வையை மடித்துப் போட்டு வைத்தார். வேலை முடிந்தால் எங்கும் நிற்காமல் நேரே வீடு. நாய் சுற்றும், இவர் எதிரே உட்கார்ந்து அவளைப் பற்றிப் பேசுவார். அவளை மறக்காத இன்னொரு ஜீவன் இருக்கிறதே என்று நெஞ்சு நிறைந்துபோகும். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அது சுற்றச் சுற்ற அவருக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

விஷயம் தெரிந்ததும் மகள், "டாக்டர்கிட்ட காட்டுங்கப்பா" என்றாள்.

"துக்கத்துக்கு ஊசி இருக்கா? இருந்தா முதல்ல எனக்குப் போடச் சொல்லு" என்று எரிந்து விழுந்தார்.

மகள் கிளம்பி நேரிலேயே வந்துவிட்டாள். வந்தவள் நாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது எப்போதும் இடது பக்கமாகவே சுற்றியது. தட்டில் வலது பக்கம் இருந்ததைத் தொடவே இல்லை. கதவில் போய் முட்டிக்கொண்டது. அவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் முன்னறையில் வைத்தாள்.

"அதை ஏன் எடுக்குறே?" என்று பதறினார் அவர்.

குண்டன் நாற்காலியைத் தேடிப் போகவில்லை. வெறும் தரையில் அதே மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது.

"அது அம்மாவைத் தேடலப்பா. அதுக்கு உடம்புக்கு என்னமோ பண்ணுது."

மெக்கானிக் குண்டனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். "தலைக்குள்ள கட்டி. ரொம்பப் பெருசாயிடுச்சு. வலியும் இருந்திருக்கும். சுத்த ஆரம்பிச்சப்பவே கொண்டுவந்திருந்தா இன்னும் கொஞ்ச காலம் நல்லா வச்சிருக்கலாம்."

எத்தனை வீட்டில் அவரே சொன்ன வார்த்தை! அது எப்படிக் குத்தும் என்று இப்போதுதான் தெரிந்தது.

இனி வலியில்லாமல் அனுப்பிவைப்பதுதான் ஒரே வழி என்றார்கள். அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டார். "நீ வலி தாங்காம சுத்தினே. எனக்குத் துணைக்கு ஒரு ஆள் இருக்குன்னு நான் வேடிக்கை பாத்துட்டு இருந்துட்டேன்டா." ஊசி போட்ட பிறகும் வெகுநேரம் அதன் காதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மகள் நாற்காலியைப் பழைய இடத்தில் வைத்தாள். கலைந்து கிடந்த சால்வையை மடிக்கப் போனவள் மடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"சாப்டீங்களாப்பா?" என்றாள்.

காலையிலிருந்து இரண்டு பேருமே ஒன்றும் சாப்பிடவில்லை. அது அவளுக்கும் தெரியும். ஒவ்வொரு தடவையும் இதே கேள்வி, இதே குரல். மெக்கானிக் முதல்முறையாக அதற்குக் காது கொடுத்தார்.

"உனக்கும் அம்மா ஞாபகமாவே இருக்காம்மா?"

சால்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவள் ஓவென்று அழுதாள்.